திரும்பாத நட்டு

ஜூலை 16

தூத்துக்குடி வந்தாயிற்று. பனிமய மாதா திருவிழாவுக்கு மைதானத்தில் எங்கள் ராட்டினத்துக்குக் கிடைத்திருப்பது, கடல் காற்று நேராக வந்து முகத்தில் அறைகிற மூலை. அப்பாவுக்கு அது குறை, எனக்குக் கொண்டாட்டம். இந்த வருடம் ராட்டினம் என் பொறுப்பு. சித்திரையில் அப்பாவுக்கு நெஞ்சு அடைப்புக்கு ஸ்டென்ட் குழாய் வைத்தார்கள். ஏணிப் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். "டிப்ளமோ மெக்கானிக்கல் படிச்சிட்டு வீட்டுல உக்காந்து என்ன செய்யுத, நீயே பாரு இசக்கி" என்று அப்பா சொன்ன அன்று எனக்குச் சந்தோஷத்தில் சோறு இறங்கவில்லை.

ராட்டினம் இப்போது துண்டு துண்டாகத் தரையில் கிடக்கிறது. கைகள் ஒரு பக்கம், அந்தக் கைகளெல்லாம் வந்து சேர்கிற நடுத்தட்டுகள் ஒரு பக்கம், ஆள் உட்காரும் கூண்டுகள் ஒரு பக்கம். அப்பா நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்து நீல பெயின்ட் அடிக்கிறார். ஆஸ்பத்திரியில் நேர்ந்துகொண்டாராம், உயிரோடு எழுந்தால் ராட்டினம் முழுக்க மாதாவின் நீலத்தைத் தன் கையால் அடிப்பதாக. எங்கள் குலதெய்வம் சாஸ்தா. ஆனாலும் தூத்துக்குடியில் ராட்டினம் போடுகிறவர்களுக்கு மாதாவும் சொந்தம்தான். மற்ற வருடங்களில் ராட்டினத்தை நிறுத்திய பிறகு ஏணி போட்டு, கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் மட்டும் அடிப்போம். இந்த வருடம் அப்பா ஏணி ஏற முடியாதே. அதனால் ஒவ்வொரு துண்டையும் தரையில் போட்டு, புரட்டிப் புரட்டி, உள்பக்கம் வெளிப்பக்கம் பார்க்காமல் அடிக்கிறார். முழுக்க என்றால் முழுக்கத்தானாம். பார்க்கப் பார்க்க அழகாக இருக்கிறது.

ஃபிட்டர் டெரன்ஸும் வந்துவிட்டார். பக்கத்தில் புன்னைக்காயல்காரர், மூன்றாவது சீசனாக எங்களோடு இருக்கிறார். அதிகம் பேச மாட்டார், பேசினால் கிண்டல்தான். என்னைப் பார்த்ததும் "வாங்க எஞ்சினியரம்மா" என்றார். எனக்குச் சுள்ளென்று வந்தது. நல்ல நீலச் சட்டை போட்டிருந்தார், பெயின்ட் படாமல் இருந்தால் சரி.

ஜூலை 18

அப்பா கையெல்லாம் நீலம். இட்லியிலும் நீலம். கேட்டால் மாதா பிரசாதம் என்கிறார்.

ஜூலை 20

இன்று ஒரு பெரிய நாள். நான் சொல்லி வைத்திருந்த டார்க் ரெஞ்ச் வந்துவிட்டது! இதுவரை எங்கள் ஆட்கள் ஸ்பானரில் குழாயைச் சொருகி, உடம்பு பலத்தைக் கொண்டுதான் இறுக்குவார்கள். ஒருவன் இறுக்கினால் போல்ட் கதறும், இன்னொருவன் இறுக்கினால் போல்ட்டுக்குச் செய்தியே போய்ச் சேராது. இந்த ரெஞ்சில் எவ்வளவு இறுக்கம் வேண்டும் என்று வைத்துவிட்டால் போதும், அந்த இறுக்கம் வந்ததும் "டிக்" என்று சொல்லிவிடும்.

போல்ட் என்பது வெறும் ஆணி இல்லை. இறுக்கும்போது அது ஒரு மயிரிழை நீளும். நீண்ட போல்ட் சுருங்கப் பார்க்கும், சுருங்க முடியாது, அந்த இழுப்பில்தான் இரண்டு இரும்புகளும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டு நிற்கும். அந்த இழுப்பு போனால் எல்லாம் போனது. இதை நான் கையை ஆட்டி ஆட்டி விளக்கினேன். டெரன்ஸ் கேட்டுவிட்டு, ரெஞ்சை வாங்கி, ஒரு போல்ட்டில் வைத்து டிக் என்று அடித்தார். பிறகு தேவையே இல்லாமல் இன்னொரு போல்ட்டில் வைத்து அடித்தார். அவர் சிரித்து இன்றுதான் பார்த்தேன். மேல்வரிசையில் ஒரு பல் கொஞ்சம் முன்னால் இருக்கிறது.

அப்பா இரண்டாவது கோட்டிங் முடித்து மூன்றாவதை ஆரம்பித்துவிட்டார். கைகளும் நடுத்தட்டும் ஒட்டுகிற முகத்தில்கூட கெட்டியாக நீலம். விரல் வைத்துப் பார்த்தால் வெண்ணெய் தடவியதுபோல வழவழ.

ஜூலை 23

ராட்டினம் எழுந்து நின்றுவிட்டது! கிரேன்காரர் நடுத்தட்டைத் தூக்க, ஒவ்வொரு கையாக ஏற்றினோம். டெரன்ஸ் மேலே, நான் அதே ஏணியில் அவருக்குக் கீழே. ஒவ்வொரு போல்ட்டுக்கும் டிக் கேட்டுக் கேட்டுத்தான் அடுத்ததுக்குப் போனோம். ஒன்றையும் விடவில்லை. என் காதாலேயே கேட்டேன், நாளைக்கு யார் கேட்டாலும் சொல்வேன்.

சாயங்கால வெயிலில் நீலம் தகதகவென்று மின்னியது. அப்பா கீழே நின்று கும்பிட்டார்.

ஜூலை 25

பரிசோதனைக்குப் பானுரேகா மேடம் வந்தார். உரிமம் கொடுக்கிற பொறியாளர். சேலையை இடுப்பில் சொருகிக்கொண்டு ஏணியில் ஏறியே பார்த்துவிட்டார். மணல் மூட்டைகளைக் கூண்டுகளில் வைத்து ஓட்டிக் காட்டினோம். நாலைந்து போல்ட்டுகளில் ரெஞ்சை வைத்துப் பார்த்தார், எல்லாம் டிக். திருவிழாவின் கடைசி மூன்று நாள் கூட்டம் அதிகம் என்பதால், அதற்கு முன்னால் இன்னொரு முறை வந்து பார்ப்பேன் என்றார். வாங்க மேடம், எத்தனை முறை வேண்டுமானாலும் வாங்க என்றேன். கொஞ்சம் அதிகப்பிரசங்கித்தனமாகச் சொல்லிவிட்டேனோ என்னவோ.

ஜூலை 26

கொடியேற்றம். என்ன கூட்டம், அம்மாடி! அப்பா மைக்கைப் பிடித்துவிட்டார். மேலே போனால் மணப்பாடு தெரியும், இன்னும் மேலே போனால் இலங்கை தெரியும் என்று அவர் அடித்துவிட, சனங்கள் சிரித்துக்கொண்டே வரிசையில் நின்றார்கள். நான் மோட்டார் பக்கம். கால் வலி உயிர் போகிறது, ஆனாலும் தூக்கம் வரவில்லை. டெரன்ஸ் டீ வாங்கி வந்தார். சர்க்கரை தூக்கல். குடித்தேன்.

ஜூலை 27

காலையில் ஏறிப் பார்த்தோம். நடுத்தட்டுப் போல்ட்டுகள் தளர்ந்திருக்கின்றன. ஒன்று இரண்டு இல்லை, பெரும்பாலும் எல்லாமே. ரெஞ்சை வைத்தால் டிக் வருவதற்கு முன்னால் நட்டு தாராளமாகத் திரும்புகிறது.

டெரன்ஸ் முகம் வெளுத்துவிட்டது. நான் கத்திவிட்டேன். என்ன இறுக்கினீர்கள், கை வலித்ததா, பாதியில் விட்டீர்களா என்று வாய்க்கு வந்ததையெல்லாம். அவர் ரெஞ்சை எடுத்து மறுபடி எல்லாவற்றையும் இறுக்கினார். பத்துமணி வெயிலில் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது, முந்தாநாள் மேடம் வந்தபோது எல்லாம் சரியாகத்தானே இருந்தது! நானும் கூடவே இருந்தேனே! மன்னிப்புக் கேட்கலாம் என்று போனேன். சாப்பிட்டீர்களா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

ஜூலை 28

மறுபடி தளர்ந்திருக்கிறது.

ஸ்பிரிங் வாஷர் போட்டோம். அதற்கு மேல் இரண்டாவது நட்டும் போட்டுப் பூட்டினோம். ராட்டினம் குலுங்கும்போது நட்டு தானாகக் கழன்று திரும்பாமல் இருக்கத்தான் இவ்வளவும். டெரன்ஸ் ஒரு பசைகூட வாங்கி வந்தார், மரையில் போட்டால் இறுகிக்கொள்ளும். இனி எப்படித் திரும்புகிறாய் பார்க்கலாம் என்று நட்டிடமே சொன்னேன். டெரன்ஸ் மேலேயிருந்து, அதுக்குக் காது கேக்காது எஞ்சினியரம்மா என்றார். அந்த நிலைமையிலும் சிரிப்பு வந்துவிட்டது.

அப்பா கீழேயிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூலை 29

எழுத்து கோணலாக வருகிறது.

சாயங்காலம் கூண்டெல்லாம் நிறைந்து ஓடிக்கொண்டிருக்கும்போது நடுத்தட்டிலிருந்து "டொக்" என்று ஒரு சத்தம். இன்னொரு சுற்றில் மறுபடி டொக். மோட்டாரை மெதுவாக்கி, ஒவ்வொரு கூண்டாக ஆட்களை இறக்கினேன். யாருக்கும் ஒன்றும் இல்லை, யாருக்கும் தெரியவும் இல்லை. ஒரு சின்னப் பெண் மட்டும் இன்னொரு சுற்று என்று அழுதாள். ஏறிப் பார்த்தால் ஒரு கை தட்டோடு ஒட்டாமல் அசைகிறது. ஸ்பிரிங் வாஷர், இரண்டாவது நட்டு, பசை எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, இழுப்பு மட்டும் இல்லை.

அப்பாவின் சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது. டிராகன் ரயில்காரர்கள், மரணக்கிணறுக்காரர்கள், அப்பளக்கடைக்காரர்கள் எல்லோரும் வந்து நின்றார்கள். அத்தனை பேர் முன்னால் டெரன்ஸைப் பார்த்து அப்பா சொன்னார், "நட்டு விட்ட பயல எல்லாம் வேலைக்கு வச்சா இப்பிடித்தான்."

எங்கள் தொழிலில் அதைவிடக் கேவலமான பேர் கிடையாது. இறுக்காமல் நட்டு விட்டவன் என்று ஒருத்தனுக்குப் பேர் வந்தால், கன்னியாகுமரியிலிருந்து நாகூர் வரைக்கும் எந்தப் பொருட்காட்சியிலும் அவனை ஏணியில் கால் வைக்க விடமாட்டார்கள். டெரன்ஸுக்குச் சோறு போடுகிற வேலை இது ஒன்றுதான். அவர் தலையைக் குனிந்து நின்றார். அவர் ஏதாவது திருப்பிப் பேசியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

நான் மோட்டார் சாவியை எடுத்து இடுப்பில் சொருகிக்கொண்டேன். காரணம் தெரியாமல் இதில் இனி ஒரு குழந்தை ஏறாது என்று அப்பாவிடம் சொன்னேன். திருவிழாக் கூட்டத்தை விட்டுவிட்டு ராட்டினத்தை நிறுத்துகிறவளை உலகத்தில் பார்த்ததில்லை என்றார். இப்போது பார்த்துக்கொள்ளுங்கள் என்றேன்.

ஜூலை 30

கண்டுபிடித்துவிட்டேன்! பாதியைக் கண்டுபிடித்துவிட்டேன்! அந்தப் பாதியே எல்லாவற்றையும் கெடுத்தும்விட்டது.

நேற்று ராத்திரி டெரன்ஸும் நானும் எல்லாவற்றையும் மறுபடி இறுக்கி முடித்ததும், ஒவ்வொரு போல்ட்டிலும் வெள்ளை பெயின்டால் ஒரு கோடு போட்டேன். போல்ட் நுனி, நட்டு, தட்டு மூன்றையும் சேர்த்து ஒரே கோடு. நட்டு இம்மி திரும்பினாலும் கோடு உடைந்துவிடும். காலையில் ஆள் ஏற்றாமல் மணல் மூட்டைகளோடு வெகுநேரம் ஓட்டினோம். நிறுத்தி ஏறிப் பார்த்தால், ஒரு கோடுகூட உடையவில்லை. ஆனால் ரெஞ்சை வைத்தால் நட்டு கால் சுற்று போன பிறகுதான் டிக். நட்டு திரும்பவே இல்லை, ஆனாலும் இறுக்கம் போய்விட்டது! எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. டெரன்ஸும் நானும் ஒரே ஏணியில் நின்றுகொண்டு ஒருவரையொருவர் பார்த்தோம். நாங்கள் இத்தனை நாள் நட்டைப் பூட்டிக்கொண்டிருந்தோம், நட்டு ஒரு பாவமும் செய்யவில்லை.

ஏணியிலிருந்து குதிக்காத குறையாக இறங்கி ஓடி அப்பாவிடம் சொன்னேன். நட்டு திரும்பவில்லை, யாரும் விடவில்லை, டெரன்ஸ் மேல் தப்பில்லை என்று. அப்பா நிதானமாகக் கேட்டார்.

"நட்டு திரும்பலன்னு நீயே சொல்லுத. அப்பம் மொதல்லயே அவன் இறுக்கலன்னுதான அர்த்தம்?"

பக்கத்தில் நான்தானே நின்றேன், டிக் சத்தம் என் காதால் கேட்டேனே என்றேன். அதற்கு அப்பா சொன்னதை எழுத எனக்கு விருப்பமில்லை. நீ அவன் பக்கம்தான் பேசுவ என்றார். நான் யார் பக்கமும் இல்லை, நான் போல்ட் பக்கம்.

டெரன்ஸ் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். ரெஞ்சைத் துடைத்துப் பெட்டியில் வைத்தார். "வாரேன் அண்ணாச்சி" என்று அப்பாவிடம் சொல்லிக்கொண்டு பஸ் ஸ்டாண்ட் பக்கம் நடந்தார். என்னிடம் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று கட்டாயமில்லைதான்.

ஜூலை 31

அழுது முடித்துவிட்டு யோசித்தேன். நட்டு திரும்பவில்லை, போல்ட்டும் நன்றாகத்தான் இருக்கிறது. அப்படியானால் நடுவில் கவ்வப்பட்டிருக்கிற ஏதோ ஒன்றுதான் மெலிந்திருக்க வேண்டும். இரும்பு மெலியுமா?

ஏணியில் ஏறி, கீழே தொங்குகிற கையில் ஒரு போல்ட்டை முழுசாகக் கழற்றினேன். வாஷர் வரவில்லை. பட்டி பிளேடை விட்டு நெம்பினால், நீலச் சேற்றுக்குள் புதைந்ததுபோல் புதைந்திருக்கிறது. சுற்றிலும் பெயின்ட் பிதுங்கி, வளையமாகச் சுருண்டு நிற்கிறது. கையையும் தட்டையும் கொஞ்சம் விலக்கிப் பார்த்தேன். மேல்தோல்தான் காய்ந்திருக்கிறது, உள்ளே இன்னும் இளசு. மூன்று கோட்டிங் அந்தப் பக்கம், மூன்று கோட்டிங் இந்தப் பக்கம். நாங்கள் இரும்பை இரும்போடு இறுக்கவே இல்லை. பெயின்டைப் பெயின்டோடு இறுக்கியிருக்கிறோம்! ஓட ஓட அது நசுங்கி வெளியே வழிய, நீண்டிருந்த போல்ட் சுருங்கிக்கொண்டது, இழுப்பு போனது. போன வருடம்வரை நிறுத்திய பிறகுதான் பெயின்ட், அதனால் ஒட்டுகிற முகங்கள் வெறும் இரும்பாக இருந்தன. அதனால்தான் ஒருநாளும் இந்தத் தொல்லை வரவில்லை. டெரன்ஸ் ஒரு நட்டையும் விடவில்லை. எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. கத்தினேன். அப்பளக்கடைக்காரர் என்னமோ ஏதோ என்று ஓடிவந்தார்.

அப்பாவிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. கீரைக்கட்டை வைத்துச் சொன்னேன். காலையில் இறுக்கிக் கட்டிய கட்டு சாயங்காலம் தொளதொளவென்று ஆகிறதே, நாரை யார் அவிழ்த்தார்கள்? கீரை வாடி மெலிந்தது, அவ்வளவுதான். அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததனால்தான் கோபம் வந்தது.

"அப்பம் என்ன செய்யணும்ங்குத?"

ஒட்டுகிற முகத்திலெல்லாம் பெயின்டைச் சுரண்டி எடுக்க வேண்டும் என்றேன்.

"மாதாவுக்குக் குடுத்தத சுரண்டச் சொல்லுதியாட்டி? என் உயிருக்கு நேந்தது அது."

வெளியே தெரிகிற நீலம் அப்படியே இருக்கும், உள்ளே மட்டும்தான் என்றேன். முழுக்க என்றுதான் நேர்ந்தேன் என்றார். சாவியைக் கேட்டார். கொடுக்கவில்லை. மத்தியானம் இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

ஆகஸ்ட் 1

விடிந்ததும் அப்பாவைக் காணோம். மாத்திரை டப்பா இருக்கிறது, ஆளைக் காணோம். பதறிப்போய் ராட்டினத்தடிக்கு ஓடினால், ஏணியடியில் ஸ்பானரோடு உட்கார்ந்திருக்கிறார். தானே ஏறி ஒரு போல்ட்டைக் கழற்றியிருக்கிறார். டாக்டர் ஏணிப் பக்கமே போகக்கூடாது என்று சொல்லியிருக்கிறாரே என்று திட்ட வாயைத் திறந்தேன். அவர் உள்ளங்கையில் அந்த வாஷர் இருந்தது, சுற்றிலும் அவருடைய நீலம்.

"எனக்கு மாதா உயிரத் தந்தா. நான் இதுல ஏறுத பிள்ளைகளக் கொல்லப் பாத்திருக்கேன்."

அப்பா அழுது நான் பார்த்ததில்லை, ஆபரேஷனுக்குக் கொண்டுபோகும்போதுகூட. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் முதுகைத் தடவினேன். எதுவும் ஆகவில்லையே அப்பா, ஒருத்தருக்கும் ஒன்றும் ஆகவில்லையே என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு பட்டி பிளேடை எடுத்தார். அந்த வாஷரில் முதல் சுரண்டலை அவர்தான் சுரண்டினார். சுரண்டுவதற்கு முன்னால் கோயில் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டார்.

நான் பஸ்ஸைப் பிடித்துப் புன்னைக்காயல் போனேன். டெரன்ஸ் வீட்டு வாசலில் வலை பின்னிக்கொண்டிருந்தார். நான் மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன், வாஷர், பெயின்ட், கீரைக்கட்டு வரைக்கும். கேட்கக் கேட்க அவர் கை வலையை விட்டுவிட்டது. கண் பளபளவென்று ஆகிவிட்டது. அப்படியானால் இரும்பு முகத்தைச் சுத்தமாக்கி, ஸ்பிரிங் வாஷரைத் தூக்கிப் போட்டுவிட்டு, கனமான தட்டை வாஷர் போடலாம், எதிர் எதிர் போல்ட்டாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றலாம் என்று அவரும் ஆரம்பித்துவிட்டார். நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தோம். அவர் அம்மா மீன்குழம்போடு சோறு போட்டு, நான் சாப்பிடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாருங்கள் என்று கூப்பிட்டபோதுதான் அவர் முகம் மாறியது.

"அண்ணாச்சி அத்தன பேரு முன்னால சொன்னாரு. நீங்க தனியா வந்து கூப்பிடுதீங்க. வேலைய முடிச்சுத் தாரேன், திருவிழா முடிஞ்சதும் போயிருவேன். நட்டு விட்டவன்னு சொன்ன எடத்துல எப்பிடி நிக்க?"

திரும்பி வரும் பஸ்ஸில் அவர் முன்சீட்டில் உட்கார்ந்தார், நான் பின்சீட்டில். வழியெல்லாம் உப்பளம். கண்ணில் காற்று அடித்துத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது.

ஆகஸ்ட் 2

கிரேன் வந்தது. ஒவ்வொரு கையாக இறக்கி, சுரண்டி, தின்னர் போட்டுத் துடைத்து, எமரித்தாள் தேய்த்து, மறுபடி ஏற்றினோம். டிராகன் ரயில்காரர்கள் வந்து உட்கார்ந்து சுரண்டினார்கள். அப்பளக்கடைக்காரர் தோசைக்கரண்டியோடு வந்தார், அவரைத் திருப்பி அனுப்பினோம். நீலச் சுருளெல்லாம் மைதானத்தில் பறந்தது. சுரண்டச் சுரண்ட இரும்பு வெள்ளை வெளேரென்று பல்லைக் காட்டியது. என்ன அழகு!

எதிர் எதிராக இறுக்கினோம், முதலில் பாதி, பிறகு முக்கால், பிறகு டிக். மணல் மூட்டை வைத்து ஓட்டினோம். நிறுத்தி ரெஞ்சை வைத்தேன். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். மிகமிகக் கொஞ்சம் போய் டிக், இரும்பு முகங்கள் ஒன்றுக்கொன்று பழகிக்கொள்ள அது சகஜம். மறுபடி இறுக்கி, கோடு போட்டு, இன்னொரு முறை வெகுநேரம் ஓட்டினோம். இந்தமுறை தொட்டவுடனே டிக். அடுத்ததும் டிக். அதற்கு அடுத்ததும்! நான் ஏணியிலேயே விசிலடித்தேன். உப்புக்காற்று உள்ளே புகாமல் இருக்க விளிம்புகளில் மட்டும் வெளியிலிருந்து நீலம் தீட்டினோம், அதை அப்பாதான் தீட்டினார்.

டெரன்ஸும் அப்பாவும் நாள் முழுக்கப் பக்கத்தில் பக்கத்தில் வேலை பார்த்தார்கள். அதை எடு, இதைப் பிடி என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அப்பா இரண்டு மூன்று தடவை வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டார். சொல்லித் தொலையுங்களேன் என்று எனக்கு மனசு கிடந்து அடித்துக்கொண்டது. டெரன்ஸ் துணிப்பையைக் கட்டி மோட்டார் கொட்டகையில் மாட்டி வைத்திருக்கிறார்.

ஆகஸ்ட் 3

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

பானுரேகா மேடம் காலையில் வந்தார். நான் எதையும் மறைக்கவில்லை, டொக் சத்தத்திலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு கேட்டார். பிறகு இந்தமுறை நாலைந்து போல்ட் இல்லை, நடுத்தட்டில் இருக்கிற ஒவ்வொன்றையும் ரெஞ்ச் வைத்துப் பார்த்தார். எல்லாம் தொட்டவுடனே டிக். நிறுத்தினது நல்லது என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னார், கையெழுத்துப் போட்டார். எனக்குக் குதிக்க வேண்டும்போல இருந்தது. மேடம் போகும்வரை பொறுத்துக்கொண்டு குதித்தேன்.

சாயங்காலம் கூட்டம் நெரிந்தது. ராட்டினம் நாலு நாளாக ஓடவில்லை என்று ஊரெல்லாம் பேச்சு, அறுந்து விழப் பார்த்ததாம், ஃபிட்டர் குடித்துவிட்டு நட்டை விட்டுவிட்டானாம். வரிசையில் நின்ற ஒருத்தர் இதைச் சத்தமாகவே சொன்னார். டெரன்ஸ் ஏணிக்குப் பக்கத்தில்தான் நின்றார், கேட்காததுபோல. அப்பா மைக்கை எடுத்தார். வழக்கம்போல இலங்கை தெரியும் என்று ஆரம்பிப்பார் என்று நினைத்தேன். மைக்கில் முதலில் அவர் மூச்சுதான் கேட்டது.

"எல்லாருக்கும் சொல்லுதேன். இந்த ராட்டினம் நின்னதுக்குக் காரணம் நான். நட்ட யாரும் விடல. நான் படக்கூடாத எடத்துல பெயின்ட் அடிச்சேன். எங்க ஃபிட்டர் டெரன்ஸ் ஒவ்வொரு போல்ட்டையும் சரியாத்தான் இறுக்கினான். அத்தன பேரு முன்னால அவன நான் தப்பாப் பேசிட்டேன். அத்தன பேரு முன்னாலயே கேக்கேன், மன்னிச்சுக்கோ தம்பி."

மைதானமே கேட்டது. டிராகன் ரயில் நின்றது. டெரன்ஸ் திரும்பி ராட்டினத்தைப் பார்த்து நின்றுகொண்டார், எங்களுக்கு முதுகு மட்டும்தான் தெரிந்தது. பிறகு ஏணியில் ஏறி, காலையில் மேடம் பார்த்த அதே போல்ட்டை மறுபடி பார்த்தார். பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. யார் முதலில் கைதட்டியது என்று தெரியவில்லை, வரிசையே தட்டியது. ஆனால் வரிசை நகரவில்லை. கைதட்டுகிறார்கள், ஏறத்தான் பயம்.

அப்பா என்னைப் பார்த்தார். "ரெண்டு பேரும் ஏறி ஒக்காருங்க. மொத சுத்து நீங்க போங்க, சனம் பாக்கட்டும்" என்று சாவியைத் தன் கையில் வாங்கிக்கொண்டார். நான் ஏறினேன். டெரன்ஸ் கையைச் சட்டையில் துடைத்துத் துடைத்துவிட்டு ஏறினார். கீழே, அன்று இன்னொரு சுற்று கேட்டு அழுத அந்தச் சின்னப் பெண் தன் அப்பாவின் கையை இழுத்துக்கொண்டு அடுத்த கூண்டில் ஏறினாள், அவளைப் பார்த்து மற்றவர்களும். ஆள் ஏற்ற ஏற்ற நாங்கள் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போனோம். உச்சியில் போய் நின்றது. கடல், கோயில் விளக்குகள், தலைகள். நடுத்தட்டிலிருந்து ஒரு சத்தம் இல்லை. இரண்டு பேரும் காதைக் கூர்மையாக்கி அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தோம்.

பையைக் கட்டி வைத்திருக்கிறீர்களே, திருவிழா முடிந்ததும் எப்போது பஸ் என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

"அண்ணாச்சி ஊருக்கே கேக்கச் சொல்லிட்டாரு. இனி எங்க போக?" என்றார். பிறகு, "நீங்க வேணா போகச் சொல்லிப் பாருங்க" என்றார்.

நான் சொல்லவில்லை. ராட்டினம் சட்டென்று நகர்ந்தது, பிடிமானத்துக்காக அவர் கையைப் பிடித்தேன். முழுச் சுற்றும் பிடித்திருந்தேன். கீழே வந்ததும் அப்பா நிறுத்தினார், இறங்குகிறீர்களா என்று கேட்டார். இன்னும் ஒரு சுற்று என்று இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம். போல்ட்டுகளைச் சோதிக்கத்தான்.